நோய் வரும் வழி, சிகிச்சை தேடும் வழி: ஜுரு வட்டாரத்தில் தொற்றுநோய்கள்

தொற்றுநோய் என்றதும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டிக்கொள்ளும் நோய் என்றே பலரும் எண்ணுகிறார்கள். அது பாதிதான் சரி. வைரஸ், பாக்டீரியா, பூஞ்சை, ஒட்டுண்ணி என ஏதேனும் ஒன்று உடலுக்குள் புகுந்து பெருகி உண்டாக்கும் நோய் எல்லாமே தொற்றுநோய்தான். அது அடுத்தவருக்கு ஒட்டுமா என்பது வேறு கேள்வி. காசநோய் மூச்சுக்காற்றில் பரவும். டிங்கி நோயாளியின் பக்கத்திலேயே ஒரு வாரம் படுத்திருந்தாலும், கொசு கடிக்காவிட்டால் டிங்கி வராது. டெட்டனஸ் மண்ணிலிருந்து காயத்துக்குள் போகிறது. மனிதரிடமிருந்து மனிதருக்கு அது பரவுவதே இல்லை. ஆகவே நோயின் பெயரைக் காட்டிலும் அது வந்த வழி முக்கியம். வழி தெரிந்தால்தான் யாரைத் தனியே வைப்பது, எதைக் கொதிக்க வைப்பது, எந்தத் தண்ணீரைக் கொட்டுவது, எந்த நாளில் ஆஸ்பத்திரிக்குப் போவது என்பதெல்லாம் தெரியவரும்.

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், மத்திய செபராங் பிறை மாவட்டத்தில் இருக்கும் ஜுரு, இந்த வழிகள் ஏறக்குறைய எல்லாம் வந்து கூடும் ஊர். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் டோல் சாவடி இங்கே இருக்கிறது. பினாங்குப் பாலத்துக்குப் போகிறவர்களும் தெற்கே ஈப்போ, கோலாலம்பூர் போகிறவர்களும் இதன் வழியாகவே கடக்கிறார்கள். பக்கத்திலேயே பிறை, புக்கிட் மிஞ்ஞாக் தொழிற்பேட்டைகள். அவற்றில் நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார், இந்தோனேசியா எனப் பல நாட்டுத் தொழிலாளர்கள். சுங்கை ஜுரு ஆறு தொழிற்சாலைகளையும் குடியிருப்புகளையும் தாண்டிப் பினாங்கு நீரிணையில் கலக்கிறது. அதன் முகத்துவாரத்தில் கோல ஜுரு மீனவர் கிராமம். தோட்டக் காலத்தின் நினைவு ஜுரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயரில் நிற்கிறது. ஆறு, கடல், தோட்டம், தொழிற்சாலை, நெடுஞ்சாலை ஆகிய ஒவ்வொன்றுக்கும் அதனதன் நோய்கள் உண்டு.

பினாங்குத் துறைமுகத்துக்கும் தொற்றுநோய்க்கும் உள்ள உறவு பழையது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த தமிழ்த் தொழிலாளர்கள் தோட்டங்களுக்குப் போகும் முன், தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலுள்ள ஜெரெஜாக் தீவில் தனிமைப்படுத்தி வைக்கப்பட்டார்கள். பெரியம்மைக்கும் காலராவுக்கும் அதிகாரிகள் அஞ்சிய காலம் அது. அதே தீவில் தொழுநோயாளிகளுக்கான இல்லம் இருந்தது. பிற்காலத்தில் காசநோயாளிகளும் அங்கே வைக்கப்பட்டார்கள். ஆனால் தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது கப்பலில் வந்த நோயைவிடத் தோட்டத்தில் காத்திருந்த மலேரியாதான். 1901-இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டி மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். அதே முறை மேட்டு நிலத் தோட்டங்களில் பலிக்கவில்லை. அங்கே மலேரியாவைப் பரப்பிய கொசு வேறு இனம். அது வெயில் படும் தெளிந்த ஓடைகளில் முட்டையிட்டது. காட்டை அழித்து ஓடைகளுக்கு வெயில் காட்டியதே அதற்கு வசதியாகப் போயிற்று. கொசுவின் பழக்கத்தைப் படித்த பிறகே, ஓடைகளில் எண்ணெய் தெளிப்பதும் நிலத்துக்கடியில் வடிகால் குழாய் பதிப்பதும் வந்தன. அதுவரை தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் எனப்பட்ட மருத்துவ உதவியாளர் கொடுத்த கொய்னா மருந்து ஒன்றே துணை. இன்று மலேசியாவில் மனித மலேரியா உள்நாட்டில் பரவுவது 2018 முதல் நின்றுவிட்டது. குரங்குகளிடமிருந்து வரும் நோலெசி மலேரியா மட்டும், பெரும்பாலும் சபா, சரவாக் காட்டோரங்களில், தொடர்கிறது.

நோயின் வழியைக் கண்டறிவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை உலகுக்குக் காட்டியவர் பினாங்கில் பிறந்த ஒருவர். 1879-இல் ஜோர்ஜ்டவுனில் பிறந்து, பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்து, கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்ற வூ லியன் தே, 1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கே பரவிய கொள்ளைநோய் எலித் தெள்ளால் வருகிறது என்றே அன்றைய மருத்துவ உலகம் நம்பியது. ஓர் உடலைப் பரிசோதித்த வூ, கிருமி நுரையீரலில் குடியேறி இருமல் வழியே மனிதருக்கு மனிதர் பரவுகிறது என்று முடிவுக்கு வந்தார். பஞ்சும் துணியும் அடுக்கிய முகக்கவசத்தை அனைவரும் அணிய வேண்டும் என்றார். ஜெரால்ட் மெஸ்னி என்ற மூத்த பிரெஞ்சு மருத்துவர் அதை ஏற்காமல் கவசமின்றி நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களிலேயே அதே நோயில் இறந்தார். முகக்கவசம், தனிமைப்படுத்தல், ரயில் பயணக் கட்டுப்பாடு, உறைந்துகிடந்த பிணங்களை எரித்தல் ஆகியவற்றால் சில மாதங்களில் நோய் அடங்கியது. அதற்குள் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டிருந்தார்கள். பிற்காலத்தில் மலாயா திரும்பிய வூ, 1960-இல் பினாங்கிலேயே காலமானார்.

வழியைத் தவறாகக் கணித்தால் என்ன நேரும் என்பதற்கு மலேசியாவிலேயே ஒரு கொடிய சான்று இருக்கிறது. 1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் கடும் காய்ச்சலும் தலைவலியும் வந்து, சிலர் நினைவிழந்து இறந்தார்கள். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதப்பட்டது. சில நோயாளிகளின் ரத்தப் பரிசோதனையும் அதற்கு இசைவாகவே வந்ததால் சந்தேகம் எழ இடமில்லாமல் போயிற்று. கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை.

பொருந்தாத செய்திகள் கண்முன்னே இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே சாய்ந்தவர்கள் திடகாத்திரமான ஆண்கள். ஒரே வீட்டில் பன்றியைத் தொட்டவருக்கு நோய் வந்தது, தொடாதவருக்கு வரவில்லை. கொசு அப்படி ஆள் பார்த்துக் கடிக்காது. தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகளுக்கும் மூச்சிரைப்போடு கூடிய பலத்த இருமல் இருந்தது. இதற்கிடையே, பேராக்கிலிருந்து பன்றிகள் நெகிரி செம்பிலானுக்கு விற்கப்பட்டன; லாரியோடு நோயும் புக்கிட் பெலண்டோக் போய்ச் சேர்ந்தது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் என்ற ஆய்வாளர், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளி ஒருவரின் மாதிரியிலிருந்து அதுவரை அறியப்படாத ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார். அந்தக் கிராமத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. வழி தெரிந்ததும் வேலை வேகமெடுத்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டு, சில வாரங்களில் நோய் அடங்கியது. மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் இறந்திருந்தார்கள். பழந்தின்னி வௌவால்தான் வைரஸின் இருப்பிடம் என்பதும், பழமரங்களுக்கு அடியில் கட்டிய கொட்டில்களில் வௌவால் கடித்துப்போட்ட பழங்கள் விழுந்ததும் பிறகே தெளிவாயின.

அதே நிப்பா வைரஸ் வங்காளதேசத்தில் வேறு வழியில் வருகிறது: இரவில் வௌவால் வாய்வைத்த ஈச்சம்பதநீரைப் பச்சையாகக் குடிப்பதால். கேரளத்தின் கோழிக்கோட்டில் 2018-இல் அது மருத்துவமனைக்குள் மனிதருக்கு மனிதர் பரவியது. நோயாளியைக் கவனித்த பேராம்பிரா செவிலியர் லினி அதற்குப் பலியானார். ஒரே கிருமிக்கு மூன்று நாடுகளில் மூன்று வழிகள். காய்ச்சலோடு வருபவரிடம் மருத்துவர் வேலையையும் உணவையும் பயணத்தையும் விசாரிப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

இன்று ஜுருவில் ஒரு குடும்பம் அதிகம் அஞ்ச வேண்டியது டிங்கிக்குத்தான். பினாங்குக்கு அது புதிதல்ல. 1902-லேயே ஸ்கே என்ற மருத்துவர் பினாங்கின் டிங்கி பற்றி எழுதியிருக்கிறார். ரத்தக்கசிவோடு கூடிய கடும் டிங்கி மலேசியாவில் முதன்முதலாகப் பதிவானதும் பினாங்கில்தான், 1962-இல். 2023-இல் நாடு முழுவதும் 123,133 பேருக்கு டிங்கி கண்டு 100 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு 122,423 பேருக்கு வந்தது, 117 பேர் இறந்தார்கள்.

ஏடிஸ் கொசு சாக்கடையில் வளர்வதில்லை. வீட்டுத் தண்ணீரில் வளர்கிறது. பூச்சாடியின் அடித்தட்டு, ஐஸ்பெட்டியின் பின்புறத் தட்டு, மூடாத குளியலறைத் தொட்டி, கூரைத் தகரத்தின் மடிப்பு, புறக்கடையில் போட்ட டயர் ஆகிய இடங்களில் விரற்கடை நீர் இருந்தாலே போதும். பெண் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் முட்டையும் போயிற்று என்று நினைப்பது தவறு. உலர்ந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி நீர் ஏறும்போது பொரிக்கும். கொட்டுவதோடு நில்லாமல் உட்சுவரைத் தேய்த்துக் கழுவச் சொல்வது இதனால்தான். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால், வாரம் ஒருமுறை இந்த வேலையைச் செய்தால் சங்கிலி அறுந்துவிடும். கொட்ட முடியாத நீரில் அபேட் என்ற கொசுப்புழு மருந்து போடலாம். புகையடிப்பது பறக்கும் கொசுவைக் கொல்லும். தட்டில் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. கொசுப்புகை அடிக்கும் வண்டி வந்துபோனதும் தெருவில் தெரியும் நிம்மதி வருத்தம் தரக்கூடிய ஒன்று.

டிங்கியின் போக்கை நாள்வாரியாகத் தெரிந்துவைத்திருப்பது உயிரைக் காக்கும். கடிபட்ட 4 முதல் 10 நாட்களில் திடீரெனக் கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பை முறிப்பதுபோல் உடம்புவலி. முதல் மூன்று நாள் இப்படிப் போகும். ஆபத்து அப்புறம்தான். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும். வீட்டார், காய்ச்சல் விட்டுவிட்டது என்று மூச்சு விடுவார்கள். அதே நேரத்தில் சிலருக்கு ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து, ரத்தம் கெட்டியாகி, நாடித்துடிப்பு பலவீனமாகி, அதிர்ச்சி நிலை வந்துவிடுகிறது. விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கருமலம், கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், வழக்கத்துக்கு மாறான சோர்வு அல்லது பரபரப்பு ஆகிய ஏதாவது ஒன்று தெரிந்தாலும் அன்றே, அந்த மணிநேரமே ஆஸ்பத்திரி. டிங்கி வைரஸ் நான்கு வகை. ஒரு வகை வந்துபோனவரை இன்னொரு வகை தாக்கும்போது கடுமை கூடும் வாய்ப்பு உண்டு. முன்பே வந்துவிட்டது, இனி வராது என்ற நம்பிக்கை பொய். காய்ச்சலுக்குப் பாரசெட்டமால் மட்டுமே போதும். ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் ரத்தக்கசிவைத் தூண்டும். பப்பாளி இலைச்சாறு மலேசிய வீடுகளில் பெரிதும் நம்பப்படுகிறது. தட்டணுக்களை அது சற்று உயர்த்தக்கூடும் என்று ஆய்வுகள் உண்டு. ஆனால் டிங்கியில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீர்க்கசிவு. அதை இலைச்சாறு நிறுத்தாது. சாறு கொடுப்பதில் தாமதம் நேர்ந்தால் ஒன்றும் கெடாது, ஆஸ்பத்திரிக்குப் போவதில் தாமதம் நேர்ந்தால் ஈடுசெய்ய முடியாது.

டிங்கிபோலவே தொடங்கி ஏமாற்றும் இன்னொரு நோய் எலிக்காய்ச்சல். மலாய்க்காரர்கள் கென்சிங் திக்குஸ், எலி மூத்திரம் என்கிறார்கள். எலியின் சிறுநீரில் வெளியேறும் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா ஈரமண்ணிலும் வெள்ளநீரிலும் பிழைத்திருக்கும். காலில் உள்ள வெடிப்பு, சிராய்ப்பு, கண், வாய் வழியாக உள்ளே போகும். வெள்ளம் வடிந்த வீட்டை வெறுங்காலோடு கழுவுகிறவர், செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர், கால்வாய் தூர்வாருகிறவர், அருவியில் குளிக்கிறவர் எல்லாருக்கும் ஆபத்து. 2010-இல் பகாங் மாநிலத்து லுபோக் யூ நீர்வீழ்ச்சிப் பகுதியில், காணாமற்போன ஒருவரைத் தேடப் போனவர்களே இந்நோய்க்கும் மெலியோய்டோசிஸ் என்ற இன்னொரு மண்வழி நோய்க்கும் ஆளாகிப் பலர் இறந்தார்கள். அந்த ஆண்டு முதல்தான் இது அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்கவேண்டிய நோயானது. கெண்டைக்கால் தசை தொட்டாலே வலிப்பதும் கண் சிவப்பதும் இதன் குறிப்பு. மஞ்சள் காமாலையும் சிறுநீர் குறைவும் சேர்ந்தால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். டிங்கிக்கு இல்லாத ஒரு நல்ல வசதி இதற்கு உண்டு: இது பாக்டீரியா என்பதால் பென்சிலின், டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகள் வேலை செய்யும், சீக்கிரம் தொடங்கினால். வெள்ளத்தில் நின்றேன் என்ற ஒரு வாக்கியத்தை நோயாளி சொல்லாவிட்டால் மருத்துவருக்கு அந்தச் சந்தேகமே வராமல் போகலாம்.

ஆற்றையும் கடலையும் சொல்லும்போது கோல ஜுருவைத் தாண்டிப் போகமுடியாது. பிறை தொழிற்பேட்டைக் கழிவு ஆற்றில் கலந்து மீனவர் பிழைப்பைக் கெடுத்தபோது, 1970-களிலேயே பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அந்தக் கிராமத்தோடு நின்று குரல்கொடுத்தது. நோய்க் கண்ணோட்டத்திலும் அந்த ஆற்றின் நிலை அக்கறைக்குரியதே. கெராங் எனப்படும் சிப்பி, தான் வாழும் நீரை வடிகட்டித் தின்னும் உயிர். நீரில் கழிவு கலந்தால் கிருமி அதன் சதையில் சேரும். அரைவேக்காட்டுச் சிப்பியால் மஞ்சள் காமாலை உண்டாக்கும் ஹெப்பாடைட்டிஸ் ஏ, டைஃபாய்டு, வயிற்றுப்போக்கு எல்லாம் வரலாம். நன்றாக வெந்தால் பயமில்லை. உணவு வழி நோய் என்பது அழுக்கான கடையில் மட்டும் வருவதன்று. 2018 அக்டோபரில் பக்கத்து மாநிலமான கெடாவின் பாலிங்கில், பலருக்கும் பிடித்த ஒரு லக்சா கடையின் உணவில் சால்மொனெல்லா கலந்து உயிரிழப்புவரை போனது. மலேசியாவில் உணவு கையாளுவோர் பயிற்சி பெறுவதும் டைஃபாய்டு தடுப்பூசி போடுவதும் சட்டப்படி கட்டாயம். வயிற்றுப்போக்கில் உயிரைக் காப்பது உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைச் சரியளவு நீரில் கரைத்துக் கொடுப்பதே; குழந்தைக்கு நாக்கு வறண்டு, கண் குழிந்து, சிறுநீர் நின்றால் பொட்டலத்தை நம்பி வீட்டில் இருக்கக்கூடாது.

காற்றில் பரவும் நோய்களில் பழையதும் இன்றும் அதிக உயிரைப் பறிப்பதும் காசநோய். மலேசியாவில் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 25,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள் கண்டறியப்படுகிறார்கள். கைகுலுக்குவதாலோ ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ இது வருவதில்லை. இருமும்போது வெளிப்படும் நுண்துளி, சன்னல் திறக்காத அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். அதைப் பல நாள் சுவாசிப்பவருக்கு வருகிறது. ஒரே அறையில் பத்துப்பேர் முறைவைத்துத் தூங்கும் தொழிலாளர் விடுதி இதற்கு ஏற்ற இடம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக்காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யவேண்டும். சிகிச்சை குறைந்தது ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பின் நான்கு மாதம் இரண்டு மருந்து. இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறிவிடுவதுதான் இந்நோயின் கண்ணி. அப்போது மருந்தை நிறுத்துகிறவருக்கு மருந்துக்கு மசியாத காசநோய் திரும்பிவரக்கூடும். அவரிடமிருந்து அதே வகை மற்றவருக்கும் போகும்.

கோவிட்-19 காலத்தில் நெரிசலின் விலை வெளிப்படையாகத் தெரிந்தது. 2020 இறுதியில் கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலை விடுதிகளில் தொற்று ஆயிரக்கணக்கானவர்களைத் தாக்கியது. தமிழர்களுக்கு நெருக்கமான நிகழ்வு அதே ஆண்டு ஜூலையில் நடந்தது. தமிழ்நாட்டின் சிவகங்கையிலிருந்து திரும்பிய கெடா உணவகக்காரர் ஒருவர், வீட்டுத் தனிமையில் இருக்கவேண்டிய நாட்களில் கடைக்குப் போனார். கெடா, பெர்லிஸ், பினாங்கு எனப் பரவி 45 பேருக்குத் தொற்று வந்தது; அவர் சிறைக்குப் போனார். அந்தத் திரளுக்குச் சிவகங்கா என்றே பெயர் வந்தது. ஓர் ஊரின் பெயரை நோயோடு ஒட்டுவது நியாயமில்லை. பழிக்கு அஞ்சுகிறவர் அடுத்தமுறை அறிகுறியை மறைப்பார். கோவிட் கிருமி அறிகுறி தெரியும் முன்பே பரவியதால்தான், உடம்பு நன்றாக இருப்பவரும் தனிமையில் இருக்கவேண்டியிருந்தது.

தொடுதலால் பரவுவனவற்றில், மழலையர் பள்ளிகளை மூடவைக்கும் கை, கால், வாய்ப்புண் நோய் முக்கியமானது. பெரும்பாலும் தானே ஆறும். ஆனால் எண்டெரோவைரஸ் 71 என்ற வகை 1997-இல் சரவாக்கில் குழந்தைகளின் உயிரைக் குடித்தது. தூக்கத்தில் திடுக்கிடல், தள்ளாட்டம், விடாத வாந்தி கண்டால் உடனே கொண்டுபோகவேண்டும். சின்னம்மைக்கு வேப்பிலை கட்டி, வெளியாரை வரவிடாமல் வைக்கும் வழக்கம் தனிமைப்படுத்தலாகவே பயன்பட்டிருக்கிறது. அம்மன் வந்திருக்கிறாள் என்று மருந்தைத் தவிர்ப்பது கர்ப்பிணிக்கும் வயதானவருக்கும் கைக்குழந்தைக்கும் ஆபத்து. ரத்தம், உடலுறவு வழியாக வரும் எச்.ஐ.வி., ஹெப்பாடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ் ஆகியவற்றுக்கு அரசு சுகாதாரக் கிளினிக்குகளில் பரிசோதனை உண்டு. கர்ப்பிணிகளை முறையாகப் பரிசோதித்ததால், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடாக மலேசியாவை 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

நாய்க்கடிக்குப் பினாங்கில் தனி எச்சரிக்கை தேவை. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நாய்களிடம் வெறிநோய் கண்டது. 2017 முதல் சரவாக்கில் மனிதரும் இறந்திருக்கிறார்கள். அறிகுறி தோன்றியபின் பிழைப்பது அனேகமாக இல்லை. கடித்த இடத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுக் குறைந்தது 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி பற்றிக் கேட்கவேண்டும். மஞ்சள், காப்பித்தூள் வைத்துக் கட்டுவது கிருமியைத் தடுக்காது.

தடுப்பூசியால் மறைந்த நோய்கள், ஊசியைத் தவிர்க்கும் வீடுகளைத் தேடி மீண்டும் வருகின்றன. 2016-இல் மலேசியாவில் தொண்டை அடைப்பான் குழந்தைகளைக் கொன்றது. 1992-க்குப் பின் காணாத போலியோ 2019 டிசம்பரில் சபாவில் தலைகாட்டியது. பிறந்ததும் பி.சி.ஜி., ஹெப்பாடைட்டிஸ் பி எனத் தொடங்கும் தேசியத் தடுப்பூசி அட்டவணை மலேசியக் குழந்தைகளுக்கு அரசு கிளினிக்குகளில் இலவசம்.

இனி, எங்கே போவது என்ற கேள்வி. ஜுருவில் இருப்பவருக்கு மூன்று வாசல்கள். பக்கத்துத் தனியார் கிளினிக் மாலையிலும் திறந்திருக்கும், காத்திருப்பு குறைவு. அரசு சுகாதாரக் கிளினிக்கில் குடிமகன் 1 ரிங்கிட் கட்டினால் மருத்துவரும் மருந்தும் பரிசோதனையும் கிடைக்கும். காசநோய், தடுப்பூசி, கர்ப்பகாலப் பராமரிப்பு போன்ற தொடர் கவனிப்புக்கு அதுவே சரியான இடம். படுக்கையும் அவசரச் சிகிச்சையும் வேண்டுமென்றால் புக்கிட் மெர்தாஜாம் ஆஸ்பத்திரியும் செபராங் ஜெயா ஆஸ்பத்திரியும் பெருநிலத்திலேயே இருக்கின்றன. மாநிலத்தின் பெரிய ஆஸ்பத்திரி ஜோர்ஜ்டவுனில். மூச்சுத்திணறல், வலிப்பு, நினைவு தடுமாறல், நிற்காத ரத்தம், அதிர்ச்சி நிலை ஆகியவற்றுக்குக் கிளினிக்கைத் தேடக்கூடாது, 999-ஐ அழைக்கவேண்டும்.

வாசல் இல்லாததால் இறப்பவர் இங்கே குறைவு. வாசல் மாறி மாறிப் போவதில் கழியும் நாட்கள்தான் கொல்லுகின்றன. முதல் நாள் ஒருவர் கம்பெனி பேனல் கிளினிக்கில் காய்ச்சல் மருந்தும் எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சான்றும் வாங்குகிறார். மூன்றாம் நாள் இன்னொரு கிளினிக். முந்தைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு வீட்டில் கிடக்கிறது. இரண்டாவது மருத்துவருக்கு அது முதல் நாளாகவே தெரிகிறது. டிங்கியில் ஒரு நாளின் தட்டணு எண்ணிக்கையைவிட, நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசமே அதிகம் சொல்லும். ஆகவே ஒரே இடத்தில் தொடர்வதும், டிங்கி கண்காணிப்பு அட்டையைக் கையோடு வைத்திருப்பதும் மருந்துக்குச் சமம். காய்ச்சல் தொடங்கிய தேதி, வேலை, அண்மைப் பயணம், வெள்ளம், விலங்கு, வீட்டில் வேறு யாருக்கு உடம்பு சரியில்லை ஆகியவற்றை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லவேண்டும். ஆன்டிபயாட்டிக் கேட்டு வற்புறுத்துவதில் பயனில்லை. சளி, டிங்கி, கோவிட் போன்ற வைரஸ் நோய்களை அது தொடாது.

1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டப்படி, பட்டியலிட்ட நோய் ஒன்றைக் காணும் மருத்துவர், அரசானாலும் தனியாரானாலும், மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும். டிங்கி, காலரா போன்றவற்றை 24 மணிநேரத்துக்குள். அதன் பேரில் அதிகாரிகள் வீட்டைச் சுற்றிக் கொசுப்புழு தேடுவார்கள். புழு கண்டால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் விதிப்பார்கள். நோயாளி கிளினிக்குக்கே போகாவிட்டால் இந்தச் சங்கிலியில் முதல் கண்ணியே இல்லை. பக்கத்து வீட்டுக்குக் கொசுப்புகை வண்டியும் வராது.

வெளிநாட்டுத் தொழிலாளர் விஷயத்தில் இந்தக் கண்ணி அடிக்கடி அறுகிறது. நாட்டுக்குள் வந்ததும் ஃபோமேமா பரிசோதனையில் காசநோய், மலேரியா, ஹெப்பாடைட்டிஸ் பி, தொழுநோய் உள்ளிட்டவை பார்க்கப்படுகின்றன. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் செலவை ஏற்கும் ஸ்பிக்பா காப்புறுதியும் உண்டு. ஆனால் அரசு மருத்துவமனையில் அவர்களுக்குக் கட்டணம் குடிமக்களைவிடப் பல மடங்கு. நோய் தெரிந்தால் திருப்பியனுப்பிவிடுவார்கள் என்ற அச்சமும், விடுப்புக் கேட்க மேற்பார்வையாளரிடம் நிற்கவேண்டிய நிலையும் சேர்ந்து அவர்களை அறையிலேயே படுக்கவைக்கின்றன. விடுதியில் ஒருவருக்குக் காசநோய் உறுதியானால், அறையில் உடன் தங்கியவர் ஒவ்வொருவருக்கும் எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்து பார்ப்பதே சுகாதார அலுவலகத்தின் நடைமுறை. அதற்கு முதலாளி தங்கியவர்களின் முழுப்பட்டியலைக் கொடுக்கவேண்டும். பரிசோதனை நாளைச் சம்பளத்தோடு விடுப்பாக விடவேண்டும். அறைச் சன்னல்கள் திறக்கக்கூடியவையாக இருக்கவேண்டும்.